நியாயம் எங்கிருந்து வருகிறது? ஆட்டக் கோட்பாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியாயம் மனசு சம்பந்தப்பட்டது, கேம் தியரி கணக்கு சம்பந்தப்பட்டது. இரண்டையும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?

கேம் தியரி, அதாவது ஆட்டக் கோட்பாடு, எடுத்துக்கொள்ளும் சூழல் ஒன்றுதான்: எனக்கு என்ன கிடைக்கும் என்பது நான் செய்வதோடு நிற்காமல் எதிரில் இருப்பவர் செய்வதையும் பொறுத்திருக்க வேண்டும். பங்கு பிரிப்பது, பேரம் பேசுவது, கூட்டாக ஒரு வேலையை இழுத்துப்போட்டுச் செய்வது, பாத்திரம் கழுவ யாருடைய முறை என்று வீட்டில் சண்டை போடுவது எல்லாம் இந்த வகைதான். "இது நியாயமா?" என்று நாம் கேட்கிற இடங்களும் கிட்டத்தட்ட இவையேதான். ஆள் அரவமே இல்லாத காட்டில் தனியாக இருப்பவருக்கு அந்தக் கேள்வி வரவே வராது.

எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "வேண்டாம், இதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்" என்று ஒருவர் சொல்ல முடிகிற இடத்தில்தான் நியாயம் முளைக்கிறது, அப்படிச் சொல்ல வழியில்லாத இடத்தில் அநியாயமும் அதே உறுதியோடு வேர்விடுகிறது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான் வரும்.

அல்டிமேட்டம் ஆட்டம் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

1982-இல் ஜெர்மனியில் வெர்னர் கூத் என்ற பொருளியலாளரும் அவருடைய இரண்டு சகாக்களும் செய்து பார்த்த சோதனை. இரண்டு பேர், ஒருவரை ஒருவர் தெரியாது. முதல் ஆளிடம் பத்து நோட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உனக்கு இத்தனை, எனக்கு இத்தனை என்று அவர் ஒரே ஒரு தடவை பங்கு சொல்லலாம், பேரம் கிடையாது. இரண்டாவது ஆள் சரி என்றால் சொன்னபடி எடுத்துக்கொண்டு போகலாம். வேண்டாம் என்றால் இருவருக்கும் ஒன்றுமில்லை.

கணக்குப்படி இரண்டாவது ஆள் ஒரே ஒரு நோட்டு வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும், வெறுங்கையோடு போவதைவிட அது மேல். அதைத் தெரிந்த முதல் ஆள் ஒன்றுக்கு மேல் தரவும் கூடாது. நடப்பதோ வேறு. இந்த நாற்பது ஆண்டுகளில் எத்தனையோ நாடுகளில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். பெரும்பாலானவர்கள் நான்கோ ஐந்தோ தருகிறார்கள், இரண்டு அல்லது அதற்கும் கீழே போனால் ஏறக்குறைய பாதிப் பேர் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள்.

அந்த நொடியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். மேஜை மேல் இரண்டு நோட்டு. எடுத்தால் இலாபம். எதிராளியின் முகம்கூடத் தெரியாது, இனிமேல் பார்க்கப்போவதும் இல்லை. ஆனாலும் கை நீள மாட்டேன் என்கிறது. 2003-இல் ஆலன் சான்ஃபீயின் குழு இதை மூளை ஸ்கேனோடு சேர்த்துச் செய்தபோது, குறைந்த பங்கு வரும் நேரத்தில் இன்சுலா என்ற பகுதியின் முன்பக்கம் கூடுதலாக இயங்கியது. அருவருப்பு வரும்போதும் இயங்குகிற பகுதி அது. "வயிறு எரியுது" என்று நாம் சொல்வது அப்படியொன்றும் வெறும் பேச்சு இல்லை.

நஷ்டம் என்று தெரிந்தே மறுப்பது முட்டாள்தனம் இல்லையா?

அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் பார்த்தால் ஆமாம். ஆனால் மனிதர்கள் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டுக் கலைந்து போகிறவர்கள் இல்லையே. மார்ட்டின் நோவாக், கரென் பேஜ், கார்ல் சிக்மண்ட் மூவரும் 2000-இல் இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார்கள். யார் யார் எவ்வளவு குறைந்த பங்குக்குச் சரி சொன்னார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது என்றால், தலைமுறை தலைமுறையாக அந்தக் கூட்டம் அற்பப் பங்கு தருவதிலும் அதை வாங்கிக்கொள்வதிலும் போய் நிற்கிறது. தெரியும் என்றால் கதை தலைகீழாகிறது. இன்றைக்கு ஒரு நோட்டுக்குத் தலையாட்டினவருக்கு நாளைக்கு யார் இரண்டு தருவார்கள்? "இவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார்" என்று பேர் எடுத்துவிட்டால் வாழ்நாள் முழுக்க அதற்கு விலை கொடுக்க வேண்டும். இன்றைய மறுப்பு நாளைய பங்குக்கான முதலீடு. நாம் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு மறுப்பதில்லை, கோபம் நமக்காக அதைப் போட்டுவைத்திருக்கிறது.

சின்னத் தொகை என்பதால்தான் வீராப்பு காட்டுகிறார்கள், பெரிய பணம் என்றால் வாங்கிக்கொள்வார்கள் அல்லவா?

ஓரளவு உண்மை. லிசா கேமரன் இந்தோனேசியாவில் மாதச் செலவைப்போல மூன்று மடங்கு தொகை வரை வைத்துச் செய்தார். தருகிறவர்கள் தரும் விகிதம் பெரிதாக மாறவில்லை, வாங்குகிறவர்கள் மட்டும் கொஞ்சம் எளிதாகச் சரி சொன்னார்கள். 2011-இல் வெளியான இன்னொரு ஆய்வில், வடகிழக்கு இந்தியக் கிராமங்களில் மாதக்கணக்கான கூலிக்குச் சமமான தொகையை வைத்தபோது மறுப்பு ஏறக்குறைய மறைந்தே போனது. இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, வருத்தம்தான் உண்டு. மறுப்பதற்கும் வசதி வேண்டும். குடும்பத்தின் பல மாதச் சாப்பாடு அந்த "வேண்டாம்" என்ற ஒரு சொல்லில் தொங்கினால் யாரால் சொல்ல முடியும்?

சரி, பாதி தருகிறவர்கள் நல்ல மனசால் தருகிறார்களா, பயத்தால் தருகிறார்களா?

இரண்டும் கலந்துதான். பிரித்துப் பார்க்க ஒரு வழி, மறுக்கும் உரிமையைப் பிடுங்கிவிடுவது: முதல் ஆள் சொல்வதே முடிவு, இரண்டாவது ஆள் வாயைத் திறக்க முடியாது. இதற்குச் சர்வாதிகாரி ஆட்டம் என்றே பெயர். கிறிஸ்டோஃப் எங்கெல் 2011-இல் இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார். சராசரியாகத் தந்தது 28% அளவு, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் ஒன்றுமே தரவில்லை. ஆக, "வேண்டாம்" போனதும் பங்கு சரசரவென்று இறங்குகிறது, ஆனால் பூஜ்யத்துக்குப் போகவில்லை.

அந்த மிச்சமும் முழுக்க இரக்கம் என்று சொல்லிவிட முடியாது. இன்னொரு சோதனையில், பத்தை வைத்துக்கொண்டு பங்கு பிரிக்கலாம், அல்லது ஒன்பதை எடுத்துக்கொண்டு நழுவிவிடலாம், அப்படி நழுவினால் இப்படி ஒரு ஆட்டம் நடந்ததே எதிராளிக்குத் தெரியாது என்றார்கள். கணிசமான பேர் ஒன்பதோடு நழுவினார்கள். பத்தையும் தானே வைத்துக்கொள்ள ஆட்டத்தில் தடை ஏதும் இல்லை! அவர்களால் தாங்க முடியாதது, கெட்டவன் என்று இன்னொருவர் நினைப்பதைத்தான்.

எவ்வளவு கிடைத்தது என்பதுதான் முக்கியமா, எந்த எண்ணத்தில் தந்தார் என்பதுமா?

எண்ணம் மிக முக்கியம். ஃபால்க், ஃபேர், ஃபிஷ்பாக்கர் மூவரும் 2003-இல் வெளியிட்ட சோதனையில், தனக்கு எட்டு, உனக்கு இரண்டு என்ற அதே பங்கு வெவ்வேறு சூழலில் வந்தது. பங்கு சொல்பவர் நினைத்திருந்தால் சரிபாதி தந்திருக்கலாம் என்ற இடத்தில் 44% பேர் மறுத்தார்கள். அவருக்கு இருந்த மற்ற ஒரே வழி பத்தையும் தானே வைத்துக்கொள்வது என்ற இடத்தில் மறுத்தவர்கள் 9% மட்டுமே. கையில் வருவது இரண்டிலும் அதே இரண்டுதான்.

உலகம் முழுக்க மனிதர்கள் இப்படித்தானா?

இல்லை. இதைக் கண்டுபிடித்த விதம் சுவாரசியமானது. மானுடவியல் மாணவராக இருந்த ஜோசப் ஹென்ரிக், 1990-களின் நடுவில் பெருவின் அமேசான் காட்டில் வாழும் மச்சிகுவெங்கா மக்களிடம் அல்டிமேட்டம் ஆட்டத்தை ஆடிப் பார்த்தார். அங்கே பலரும் தந்தது 15% மட்டும், அதையும் ஏறக்குறைய எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். பணம் சும்மா வருகிறது, எனக்குக் கொஞ்சம் கிடைத்தது, அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது, இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்ற மாதிரி.

அப்புறம் 15 சிறு சமூகங்களில் ஒரு குழுவே இறங்கி இதைச் செய்து, முதல் முடிவுகளை 2001-இல் வெளியிட்டது. இந்தோனேசியாவின் லாமலேராவில் மக்கள் கூட்டாகத் திமிங்கிலம் பிடிக்கிறார்கள், படகில் பத்துப் பேருக்கு மேல் இருப்பார்கள், ஒருவர் கை தளர்ந்தாலும் வேட்டை போச்சு. அங்கே சராசரியாகத் தந்த பங்கு பாதிக்கும் மேலே, 58%. பாப்புவா நியூகினியின் ஔ, நௌ மக்களிடையே பாதிக்கு மேல் தந்தவர்களும் உண்டு, அதை மறுத்தவர்களும் உண்டு. கேட்காமல் வரும் பெரிய கொடை பெரிய கடனாகிவிடும், பின்னால் எப்போது என்ன கேட்பார்களோ என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

ஆண், பெண், வயது, செல்வம் என்று தனிநபர் விவரங்களால் இந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை. அந்தச் சமூகம் எவ்வளவு தூரம் கூட்டாக உழைத்துப் பிழைக்கிறது, முன்பின் தெரியாதவர்களோடு எவ்வளவு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறது என்ற இரண்டும்தான் பெரும்பகுதியை விளக்கின. அன்றாடம் எந்த ஆட்டத்தை ஆடுகிறோமோ அதிலிருந்து நியாய உணர்வையும் கற்றுக்கொள்கிறோம்.

ஆனால் ஏன் குறிப்பாகச் சரிபாதி? அறுபதுக்கு நாற்பது என்று ஏன் நிலைக்கவில்லை?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தத்துவ அறிஞர் பிரையன் ஸ்கிர்ம்ஸ் 1990-களில் போட்ட கணக்கு, எண்களை மட்டும் என் வசதிக்கு மாற்றிக்கொள்கிறேன்.

பன்னிரண்டு துண்டு கேக். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தனக்கு எத்தனை வேண்டும் என்று சொல்ல வேண்டும். கூட்டினால் பன்னிரண்டுக்குள் இருந்தால் கேட்டது கிடைக்கும், தாண்டினால் யாருக்கும் ஒன்றுமில்லை. மூன்று வகை ஆட்கள்: எப்போதும் நாலு கேட்கும் அடக்கமானவர், ஆறு கேட்கும் சரிபாதிக்காரர், எட்டு கேட்கும் பேராசைக்காரர். யாருக்கும் நல்லெண்ணம் கிடையாது, எந்த வகைக்கு அதிகம் கிடைக்கிறதோ அந்த வகை பெருகும், அவ்வளவுதான்.

எல்லாரும் ஆறு கேட்கும் ஊரில் எட்டு கேட்பவர் நுழைந்தால் பதினாலு ஆகிவிடும், பட்டினி. நாலு கேட்பவர் நுழைந்தால் நாலு கிடைக்கும், ஆனால் சுற்றி எல்லாரும் ஆறு சாப்பிடுகிறார்கள். ஆக அந்த ஊரை யாராலும் அசைக்க முடியாது. ஜான் மேனார்ட் ஸ்மித்தும் ஜார்ஜ் பிரைஸும் 1973-இல் விலங்குகளின் சண்டையைப் புரிந்துகொள்ளக் கொண்டுவந்த நிலைத்த உத்தி என்ற கருத்து இதுதான்.

இப்போது இன்னொரு ஊர். பாதிப் பேர் நாலுக்காரர்கள், பாதிப் பேர் எட்டுக்காரர்கள். நாலுக்காரருக்கு யாரைச் சந்தித்தாலும் நாலு. எட்டுக்காரருக்கு இரண்டு தடவைக்கு ஒரு தடவை எட்டு, மறு தடவை ஒன்றுமில்லை, சராசரி நாலு. இங்கே ஒரு சரிபாதிக்காரர் வந்தால்? நாலுக்காரரிடம் ஆறு, எட்டுக்காரரிடம் ஒன்றுமில்லை, சராசரி மூன்று. நியாயஸ்தர்தான் அங்கே முதலில் ஒழிந்துபோவார். தலைக்கு ஆறு சாப்பிட்டிருக்கக்கூடிய ஊர் தலைக்கு நாலோடு, மிச்சத்தை வீணாக்கிக்கொண்டு, அப்படியே உறைந்துபோகும்.

எங்கே தொடங்கினோம் என்பதைப் பொறுத்து ஊர் இதில் ஒரு பக்கம் போய் விழுகிறது. ஸ்கிர்ம்ஸ் கணினியில் குருட்டாம்போக்கில் தொடங்கி ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பார்த்ததில் ஐந்தில் மூன்று முறைக்குச் சற்று மேல் சரிபாதி வென்றது. மீதி முறைகளில் நாலுக்காரர்களும் எட்டுக்காரர்களுமாக உறைந்துபோகும் அந்தப் பொறியில் மாட்டிக்கொண்டது.

பொறியிலிருந்து வெளியே வர ஒரு சின்ன மாற்றம் போதும். சந்திப்புகளில் ஐந்தில் ஒன்று தன் வகை ஆளோடேயே நடக்கிறது என்று வையுங்கள். எட்டுக்காரர்கள் தங்களுக்குள் மோதிக் கூடுதலாகப் பட்டினி கிடப்பார்கள், குறைவார்கள். நாலுக்காரர்கள் எட்டில் ஐந்து பங்காகும்போதுதான் இரண்டு தரப்புக்கும் மறுபடி சராசரி நாலு வரும். இப்போது உள்ளே வருகிற சரிபாதிக்காரருக்கு? தன் ஆளோடு ஐந்தில் ஒரு தடவை நிச்சயம் ஆறு. மீதி நாலு தடவையில் எட்டில் ஐந்து பங்கு நாலுக்காரர்களோடு, அங்கேயும் ஆறு. சராசரி 4.2. அவர் பெருக ஆரம்பிப்பார், பொறி உடைந்துவிடும்.

நியாயமாக இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டு, கொஞ்சமாவது தங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டால் போதும் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. இதை முதல் தடவை காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கைதிகள் ஆட்டத்தில் ஏமாற்றுபவர்தானே ஜெயிக்கிறார்?

தனித்தனியே விசாரிக்கப்படும் இரண்டு கைதிகளில் ஒவ்வொருவரும் கூட்டாளியோடு ஒத்துழைத்து வாய் திறக்காமல் இருக்கலாம், அல்லது அவரைக் காட்டிக்கொடுக்கலாம், அதுதான் அந்த ஆட்டம். ஒரு தடவை மட்டும் ஆடினால் ஆமாம்; மற்றவர் என்ன செய்தாலும் காட்டிக்கொடுப்பவருக்கே இலாபம், அதனால் இருவரும் காட்டிக்கொடுத்து இருவரும் கெடுவார்கள். திரும்பத் திரும்ப ஆடும்போது கணக்கு மாறுகிறது. அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்சல்ராட் 1980 வாக்கில் இந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடும் கணினி நிரல்களுக்குப் போட்டி வைத்தார், முதல் தடவை 14 நிரல்கள் வந்தன, இரண்டாம் தடவை 62. இரண்டிலும் வென்றது அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய மிகச் சின்ன நிரல்: முதலில் ஒத்துழை, அப்புறம் எதிராளி போன தடவை செய்ததையே செய். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த நிரல் எந்தத் தனி ஆட்டத்திலும் எதிராளியைவிட அதிகப் புள்ளி எடுக்கவே முடியாது. யாரையும் தோற்கடிக்காமலேயே மொத்தத்தில் முதலிடம்.

இதற்கும் ஒரு குறை உண்டு. தவறுதலாக ஒருவர் சறுக்கினால் இருவரும் மாறி மாறிப் பழி வாங்கிக்கொண்டே இருப்பார்கள். அதனால் மூன்றில் ஒரு தடவை மன்னித்துவிடுகிற உத்தி மேல் என்று நோவாக்கும் சிக்மண்டும் 1992-இல் காட்டினார்கள், ஆக்சல்ராட்டின் அதே புள்ளிக்கணக்கில்.

மறுபடி சந்திக்கவே மாட்டோம் என்கிறவர்களிடம் ஏன் நியாயமாக நடக்கிறோம்?

ஊர் வாய். நான் உங்களுக்கு உதவியதை மூன்றாமவர் பார்க்கிறார், அவர் நாலு பேரிடம் சொல்கிறார், பின்னால் யாரோ எனக்கு உதவுகிறார். அதோடு, கெட்டவரைத் தண்டிக்கக் கைக்காசைச் செலவழிக்கிற குணமும் நமக்கு உண்டு. எர்ன்ஸ்ட் ஃபேரும் சைமன் கெஹ்டரும் 2002-இல் வெளியிட்ட சோதனையில் நாலு பேர் கொண்ட குழுக்கள், ஆளுக்கு 20 நாணயம். பொதுவில் போடும் ஒவ்வொரு நாணயத்துக்கும் நாலு பேருக்கும் தலா 0.4 வரும், எல்லாரும் போட்டால் எல்லாருக்கும் இலாபம், போடாமல் உட்கார்ந்திருப்பவருக்கு இன்னும் இலாபம். சும்மா விட்டால் சுற்றுக்குச் சுற்று எல்லாரும் கையை இழுத்துக்கொண்டார்கள். ஒரு நாணயம் செலவழித்தால் ஏய்ப்பவரிடமிருந்து மூன்று பறிக்கலாம் என்றதும் பங்களிப்பு ஏறியது. குழு ஒவ்வொரு சுற்றிலும் மாறியது, அதே ஆளை மறுபடி சந்திக்க வாய்ப்பே இல்லை, ஆகவே தண்டித்தவருக்குத் தனியாக எந்த ஆதாயமும் கிடையாது.

எல்லா இடத்திலும் இது நல்லதாகவே முடிவதில்லை. 2008-இல் 16 நகரங்களில் செய்தபோது சில இடங்களில் தாராளமாகப் போட்டவர்களையே மற்றவர்கள் தண்டித்தார்கள்.

விலங்குகளிடம், குழந்தைகளிடம் இது உண்டா?

வெள்ளரிக்காயை வீசியெறிந்த கப்புச்சின் குரங்கின் வீடியோ எல்லாரும் பார்த்ததுதான், பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை கிடைத்த கோபம். பிராஸ்னனும் டி வாலும் 2003-இல் வெளியிட்ட அந்த முடிவு பிறகு வந்த எல்லாச் சோதனைகளிலும் திரும்பக் கிடைக்கவில்லை, அதன் பொருள் என்ன என்பதில் இன்னும் சண்டை. சிம்பன்சிகள் அல்டிமேட்டம் போன்ற ஆட்டத்தில் பெரும்பாலும் கிடைத்ததை வாங்கிக்கொண்டன (2007). குழந்தைகளில், தனக்குக் குறைந்தால் வரும் கோபம் சீக்கிரம் வருகிறது. தனக்குக் கூடினால் வரும் கூச்சம் தாமதமாக வருகிறது, ஏழு நாடுகளில் பார்த்தபோது மூன்றில் மட்டுமே தென்பட்டது. பெரியவர்களிலும் இந்த வரிசை மாறியதாக எனக்குத் தோன்றவில்லை.

சரிபாதிதான் எப்போதும் நியாயமா?

இருவரும் எல்லா வகையிலும் சமம் என்றால் மட்டும். உரிமை வேறுபட்டால் பழைய தீர்ப்புகளிலேயே நுட்பமான கணக்குகள் உண்டு. யூதர்களின் பழைய சட்ட நூலான தல்முதில் ஒரு வழக்கு: ஒரு துணியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர் முழுசும் என்னுது என்கிறார், மற்றவர் பாதி என்னுது என்கிறார். தீர்ப்பு, முக்கால், கால். ஒரு பாதிக்குச் சண்டையே இல்லை, அது முதல் ஆளுக்கு. சண்டையில் உள்ள பாதியை மட்டும் இரண்டாக்கு. இதே தர்க்கம்தான் தல்முதின் இன்னொரு புதிரான சொத்துப் பங்கீட்டிலும் ஒளிந்திருக்கிறது என்று ராபர்ட் ஆமனும் மைக்கேல் மாஷ்லரும் 1985-இல் ஆட்டக் கோட்பாட்டை வைத்தே நிரூபித்தார்கள்.

அப்படியானால் அநியாயமும் தானாகவே உருவாகி நிலைக்குமா?

நிலைக்கும், அதுதான் கவலை. ஆக்ஸ்டெல், எப்ஸ்டைன், யங் மூவரும் 2001-இல் காட்டிய கணினி மாதிரியில் ஆட்களுக்கு எந்த அர்த்தமும் இல்லாத இரண்டு நிறம் பூசினார்கள். திறமையில், ஆசையில், தொடக்கத்தில் எந்த வேறுபாடும் இல்லை. ஆனாலும் தற்செயலாக ஏற்பட்ட சின்னச் சாய்வு பழக்கமாகி, ஒரு நிறத்தார் எப்போதும் அதிகம் கேட்க, மற்ற நிறத்தார் எப்போதும் விட்டுக்கொடுக்க, அது நீண்ட காலம் நின்றது. அடங்கிப்போகிறவர் தனியாக எழுந்து அதிகம் கேட்டால் அவருக்குத்தான் நஷ்டம்.

எண்ணிக்கையும் விளையாடுகிறது. சிறுபான்மையினர் அன்றாடம் பெரும்பான்மையினரையே சந்திக்கிறார்கள், பெரும்பான்மையினர் இவர்களை எப்போதோதான் சந்திக்கிறார்கள். அதனால் இவர்கள் வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள், பல நேரம் கற்றுக்கொள்வது பணிந்துபோகத்தான் என்று ஜஸ்டின் ப்ரூனர், கெய்லின் ஓ'கானர் ஆய்வுகள் சொல்கின்றன. யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லாமலேயே இது நடக்கிறது என்பதை ஒருவர் உண்மையாகவே புரிந்துகொண்டால், "நாங்கள் யாரையும் ஒடுக்கவில்லையே" என்ற பதில் எவ்வளவு போதாதது என்று தெரியும். தனி ஆளின் "வேண்டாம்" செல்லாத இடத்தில் பல பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் சொல்வதுதான் வழி.

நடைமுறையில் பங்கு பிரிக்க இதெல்லாம் உதவுமா?

இரண்டு பேர் என்றால் எல்லாருக்கும் தெரிந்த வழி: ஒருவர் வெட்ட, மற்றவர் முதலில் எடுக்க. அக்காள் கத்தியைப் பிடித்திருக்க, தம்பி மேஜை விளிம்பில் தாடையை வைத்துக் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான். அவள் கையைத் துல்லியமாக்குவது அந்தப் பார்வைதான்.

மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால், கணித அறிஞர் ஸ்டீன்ஹவுஸ் முன்வைத்த கேள்விக்குப் பானாக்கும் க்னாஸ்டரும் 1940-களில் கண்ட முறை இருக்கிறது. முதல் ஆள் தனக்குச் சரியான பங்கு என்று தோன்றும் துண்டை வெட்டி வைக்கிறார். அடுத்தவர் அது பெரிது என்று நினைத்தால் கொஞ்சம் செதுக்கிவிடலாம், இல்லையென்றால் அப்படியே கைமாற்றலாம். சுற்று முடிந்ததும் கடைசியாக யார் செதுக்கினாரோ அந்தத் துண்டு அவருக்கே, யாருமே செதுக்கவில்லை என்றால் வெட்டியவருக்கு. செதுக்கிய தூள்களை மீதிக் கேக்கோடு சேர்த்து, மற்றவர்கள் திரும்பத் தொடங்குவார்கள்.